கண்ணகிக்கு யார் நட்டஈடு கொடுத்தார்?

கண்டி நகரில், தலதா மாளிகையின் அயலிலே, பத்தினித் தெய்வத்துக்கு ஒரு தேவாலயம் உண்டு. எசல பெரஹராக் காலத்தில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் அணிகள் சென்ற பின்னர், நான்கனுள் இறுதியாக வருவது அத்தேவாலயத்தின் அணியாகும். பந்தங்களின் வெளிச்சத்தில் யானைகள் அசைந்து செல்வதை வீதியோரத்தில் நின்று காணும் நம்மவருட் பலர், அங்ஙனம் வருபவள் நம்முடைய கண்ணகியே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நான் ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பதுண்டு. எண்ணுந்தோறும், வகுப்பறையில் ஒருபோதும் எழாத ஒரு கேள்வி என் மனத்தில் எழும். இத்தனை சிறப்பும் பெற்ற அந்தப் பெண்ணுக்கு, அவள் இழந்ததற்கு ஈடாக யார் என்ன கொடுத்தார்?

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்றும், ஊழின் காப்பியம் என்றும் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் அது வேறொன்றாகவும் தோன்றும். பிழைப்புத் தேடி அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவன்மீது பொய்க் குற்றம் சுமத்தப்படுகிறது. விசாரணையில்லை; சாட்சியில்லை. அரசனுடைய காவலர் அவனை வெட்டி வீழ்த்துகின்றனர். மனைவி ஒற்றைச் சிலம்புடன் அரசவைக்குச் சென்று வழக்கை மெய்ப்பிக்கிறாள். பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. அரசன் உயிர் நீத்தான், அரசியும் உயிர் நீத்தாள், மதுரை எரிந்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என நீர்ப்படைக் காதை கூறுகின்றது. சேரன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான். கயவாகு இலங்கையில் அவளுக்குக் கோட்டம் சமைத்தான். பழி வாங்கியாயிற்று, வழிபாடும் செய்தாயிற்று. ஆயினும், கணவனை இழந்தபின் உயிரோடு திரிந்த பதினான்கு நாளும் அவள் எதை உண்டாள், எங்கே தங்கினாள் என்று கேட்டவர் எவருமிலர். கேட்பதற்குப் பதிலாக மதுராபதித் தெய்வம் எதிர்வந்து, முற்பிறப்பில் உன் கணவன் செய்த வினையே இப்பிறப்பில் வந்து மூண்டது என்று விளக்கங் கூறிற்று. துன்புற்றவரிடத்திலேயே துன்பத்தின் காரணத்தைத் தேடும் வழக்கம் அத்துணைப் பழைமையானது.

குற்றம் செய்தவனை என்ன செய்வது என்பதைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துகின்றோம். குற்றத்துக்கு ஆளானவருக்கு என்ன செய்வது என்பது மாத்திரம் நம் பேச்சில் இடம்பெறுவதில்லை. அதனைப் பற்றி எழுதும்படி என்னைத் தூண்டியது ஒரு கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஹந்தானை மலைச்சாரலிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் நகரத்துக் கடையொன்றில் வேலை பார்த்தவன். ஓர் இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில், இன்னாரென்று தெரியாத சிலரால் வெட்டுண்டு இறந்தான். பொலிசார் வந்தனர், மரண விசாரணை நடந்தது, அவ்வளவோடு யாவும் அடங்கிப் போயிற்று. அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவர் ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதுவித்து அனுப்பியிருந்தார். மறுமொழி வந்தது. தோட்டங்களில் ஒவ்வொரு லயத்து அறைக்கும் தனி விலாசம் ஏது? கடிதம் தோட்டத்துக் கந்தோரில் பல நாள் கிடந்து, பிறகு அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அது சிங்களத்தில் இருந்தமையால் படித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார்.

மரண அத்தாட்சிப் பத்திரம், கிராம அலுவலரின் உறுதிப்பத்திரம், பொலிஸ் அறிக்கை, வழக்குத் தீர்ப்பின் பிரதி ஆகியவற்றை அனுப்பும்படி அதில் எழுதப்பட்டிருந்தது. குற்றவாளியே பிடிபடாதபோது வழக்கேது, தீர்ப்பேது? நான் அதனை எடுத்துச் சொன்னபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சிறிது நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாஸ்டர், எம் மவன வெட்டிக் கொன்னாங்கன்னு இதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்டார். மறுபடியும் படித்துப் பார்த்தேன். மரணம் தொடர்பான நிவாரணம் என்னும் பொருள்பட ஒரு தலைப்பு இருந்தது. கொலை என்ற சொல் எங்கும் இல்லை.

இச்சொல் வேறுபாடு அற்பமானதன்று. மகாவலி பெருகி வீட்டைக் கொண்டுபோனால் அரசு கொடுப்பது நிவாரணம். மழை பெய்ததற்கு எவரும் பொறுப்பாளியல்லர். இரக்கத்தின் பேரில் அரிசியும் பாயும் கொடுக்கின்றார்கள். நம் மக்கள் வழங்கும் நட்டஈடு என்ற சொல்லோ வேறு வகையைச் சார்ந்தது. ஒருவன் மற்றொருவனுடைய பொருளுக்கோ உடம்புக்கோ கேடு செய்தான், அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். முன்னதைப் பெறுபவர் கைநீட்டுகிறார். பின்னதைப் பெறுபவர் கணக்குக் கேட்கிறார். குற்றத்தால் நொந்தவரை வெள்ளத்தால் நொந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் நம் நாட்டின் நடைமுறையிலுள்ள பெருங் குறை என்பது என் துணிபு.

குற்றம் செய்தவன் ஒருவன். அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மனிதன் தன் பகையைத் தானே தீர்த்துக்கொள்ளும் உரிமையை அரசிடம் ஒப்படைத்திருக்கின்றான். என் மகனைக் கொன்றவனை நான் தேடிப் பிடித்துத் தண்டிக்கலாகாது, அரசு தண்டிக்கும். என் வாசலில் நான் வாளேந்தி நிற்க வேண்டியதில்லை, அரசு காக்கும். இந்த உடன்படிக்கையின் பேரில்தான் வரி கொடுக்கின்றோம். பழி வாங்காதும் இருக்கின்றோம். காவல் தவறிய இடத்தில் அரசு கடன்பட்டதாகிறது. இஃது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஆண்ட ஹமுராபியின் சட்டத்தொகுதியில், கொள்ளையன் அகப்படாவிட்டால் பறிகொடுத்தவனுக்கு அந்த நகரமும் அதன் அதிபதியும் ஈடு செய்ய வேண்டும் என்றும், உயிரிழப்பு நேர்ந்திருந்தால் உறவினருக்கு ஒரு மினா வெள்ளி கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கின்றது. களவு போன பொருளை மீட்க இயலாத அரசன் தன் பொருளிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் கூறுகின்றது.

நம்முடைய சோழப் பெருநாட்டில் வழக்கம் வேறு திசையிற் சென்றது. வேட்டைக்குப் போனவன் எய்த அம்பு தவறி மற்றொருவன்மேற் பாய்ந்து அவன் இறந்துபட்டால், எய்தவனுக்கு மரண தண்டனை வேண்டாமென்றும், கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் கொடுக்க வேண்டுமென்றும் ஊரார் தீர்ப்புச் சொன்ன செய்தியைக் கல்வெட்டுக்கள் பல தெரிவிக்கின்றன. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது கணக்கு. மரணத்துக்கு மரணம் என்று கொள்ளாத அந்தக் கருணையை வரலாற்றாசிரியர்கள் புகழ்வர், நானும் புகழ்வேன். ஆயினும், இறந்தவன் வீட்டு அடுப்புக்கு அந்த ஆடுகளுள் ஒன்றின் பாலாவது போயிற்றா என்பதைக் கல்வெட்டில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். விளக்கு ஆண்டவன் சந்நிதியில் எரிந்தது. போரில் மடிந்தவனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கம் இருந்ததும் உண்மையே. அரசனுக்காகச் செத்தவனுக்கு அந்த மரியாதை. தெருவில் வெட்டுண்டவனுக்கு அன்று.

இக்கால உலகில் இக்கடமையை மறுபடியும் நினைவூட்டியவர் ஆங்கில நாட்டு மார்ஜரி ஃபிரை அம்மையார். சிறைச் சீர்திருத்தத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த அவர், முதுமையில் குற்றவாளியிடமிருந்து குற்றத்துக்கு ஆளானவர்பால் தம் சிந்தையைத் திருப்பினார். 1957ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அவர் காட்டிய ஓர் உதாரணத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இருவர் தாக்கியதனால் ஒருவன் கண்ணிழந்தான். நீதிமன்றம் அவனுக்கு 11,500 பவுண் விதித்தது. தாக்கியவர்கள் ஆளுக்கு வாரம் ஐந்து சிலிங் கொடுக்க வேண்டுமென்று கட்டளை பிறந்தது. கணக்குப் பார்த்தால், கடைசித் தவணையைப் பெற்றுக்கொள்ள அந்தக் குருடன் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடிருக்க வேண்டும்! ஏழைக் குற்றவாளியின் பையிலிருந்து நீதியை எதிர்பார்ப்பதன் பயன் இதுவே. ஆதலின் அரசே கொடுக்க வேண்டும் என்று அவர் வாதித்தார். அவர் 1958இல் மறைந்தார். 1963இல் நியூசிலாந்து அதற்கெனச் சட்டம் இயற்றிற்று. 1964இல் பிரித்தானியாவும் அத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிற்று. 1985ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதனைப் பொதுநெறியாகப் பிரகடனம் செய்தது. குற்றவாளி அடையாளங் காணப்படாவிடினும், தண்டிக்கப்படாவிடினும், பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவரே என்று அப்பிரகடனம் தெளிவாகச் சொல்கின்றது. தீர்ப்பின் பிரதியை அனுப்பும்படி அந்தத் தோட்டத்துத் தாய்க்கு எழுதிய அலுவலர் இதனைப் படித்திருக்க மாட்டார் போலும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, குற்றவாளியாகக் காணப்பட்டவன் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். பாலியல் வன்முறை வழக்கில் அவ்வாறு கட்டளையிட்டே தீர வேண்டும் என்று 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. இவையெல்லாம் குற்றவாளியின் பையை நம்பியவை. அந்த 442 ஆண்டுக் கணக்கு இங்கும் பொருந்தும். 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டந்தான் முதன்முதலாகப் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை ஓரிடத்தில் தொகுத்து, அதற்கென ஒரு தேசிய அதிகாரசபையையும் நிதியத்தையும் ஏற்படுத்திற்று. அதனை நீக்கி 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டு சட்டங்களும் நல்ல சட்டங்களே. கண்டி, கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டைப் பகுதிகளில் எத்தனை பேர் அவற்றின் பெயரைக் கேட்டிருக்கின்றனர்? என் நண்பர்களான ஆசிரியர் பலரிடம் விசாரித்தேன். சிலப்பதிகாரத்தில் எத்தனை காதைகள் என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவர்கள், இச்சட்டத்தைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறோம் என்றார்கள். அவர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. அந்தக் கடிதம் வரும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

தனியொருவன் செய்த குற்றத்துக்கு ஆளானோரின் நிலை இது. கூட்டம் செய்த குற்றத்துக்கு ஆளானோரின் கதை வேறு. கண்டிக்கு அது நீண்ட கதை.

1915ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி, வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன் மூண்ட கலகம் சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவிற்று. 4,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்துப் பலரைச் சுட்டது. பிறகு இழப்பைக் கணக்கிட்டது. அந்தத் தொகையை அது தன் திறைசேரியிலிருந்து கொடுக்கவில்லை. கலகம் நடந்த ஊர்களிலிருந்த சிங்கள மக்கள்மீது, கல்லெறிந்தவன் எறியாதவன் என்ற பேதமின்றி, வரியாக விதித்து அறவிட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து இக்கொடுமைகளைக் கண்டித்ததும், அவற்றை விரித்து நூல் எழுதியதும், சிங்களத் தலைவர்கள் அவரை வண்டியில் இருத்தித் தாமே இழுத்துச் சென்றதும் வரலாறு.

இராமநாதன் கண்டித்தது சரி என்றே நான் கொள்கின்றேன். ஓர் இனத்தின்மீது மொத்தமாகச் சுமத்தும் தண்டம், ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலியிட்ட செழியனின் நீதியே. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான். ஆயிரம் பொற்கொல்லர் செத்தனர். அதனால் கண்ணகிக்கு என்ன வந்தது? 1915இல் அறவிடப்பட்ட காசு ஈடாகவும் அமைந்தது, பகையின் வித்தாகவும் அமைந்தது. மறுபுறத்தில், கடையிழந்த முஸ்லிம் வணிகனின் துயரம் இராமநாதனின் ஆவேசத்தில் மங்கிப்போயிற்று என்று முஸ்லிம் மக்கள் பலர் கொண்ட மனக்குறையையும் நான் தள்ளிவிட மாட்டேன். தண்டித்தவிதம் தவறு என்று சொல்லும்போது, இழந்தவனை மறந்துபோவது நம்மவரின் பெருமக்களுக்கும் நேரக்கூடிய பிழை.

1983ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி கண்டியில் எரிந்தவை தமிழர் கடைகள். கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் எழுந்த புகையைக் கண்ட சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அப்போது அரசு வேறொரு வழியைக் கண்டது. எரிந்த சொத்துக்கள் அவசரகால விதியின் கீழ் அரசின் வசமாயின. அவற்றைப் புனரமைப்பதற்கென ஓர் அதிகாரசபை அமைந்தது. தன் வீட்டின் சாம்பலைத் தனக்கே தரும்படி உடையவன் மனுச் செய்ய வேண்டியதாயிற்று. 1987இல் 29ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அது ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் புனர்வாழ்வு அதிகாரசபையாக, நம்மவர் வாயில் ரெப்பியாவாக, உருவெடுத்தது. 2004ஆம் ஆண்டு ஜூலையில் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நாட்டின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்ட சிலருக்குப் பணமும் வழங்கப்பட்டது. இருபத்தொரு ஆண்டுகள் சென்றிருந்தன. கடை முதலாளிகளிற் பலர் அதற்குள் கடல் கடந்திருந்தனர். சிலர் இறந்தும் போயினர். எனினும் அந்த மன்னிப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. நடந்தது நடந்தது என்று ஒரு நாட்டின் தலைவர் சொல்வதற்கு ஒரு நிறை உண்டு.

இனி 2018. பெப்ரவரி 22ஆந் திகதி தெல்தெனியவில் ஒரு சிங்கள லொறிச் சாரதி, முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் 2ஆந் திகதி வைத்தியசாலையில் இறந்தார். அதனைச் சாக்காகக் கொண்டு மார்ச் 4ஆந் திகதி தொடங்கித் திகனையிலும் தெல்தெனியவிலும், பின்னர் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களிலும், முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனையில் எரிந்த வீட்டினுள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞன் மாண்டான். 6ஆந் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

இவ்விரண்டு மரணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு வீடுகளிலும் தாய்மார் அழுதிருப்பர். இரண்டும் குற்றங்களே. ஆனால் ஒன்று வழியிலே நிகழ்ந்த தாக்குதல், மற்றது கலகம். முன்னதற்குரிய வாசல் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவிய அதிகாரசபை. பின்னதற்குரிய வாசல் அன்று ரெப்பியா. அதே ஆண்டு ஒக்ரோபரில் 34ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிய பின்னர் இழப்பீடுகளுக்கான அலுவலகம். உள்நாட்டுக் குழப்பங்களால் பாதிக்கப்பட்டவரும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குவர். இரண்டு வாசல்கள், இரண்டு விதப் படிவங்கள். கலகத்தில் இழந்தவரின் பின்னால் ஒரு சமூகம் நிற்கும், பத்திரிகை எழுதும், மந்திரி வருவார். தனியே வெட்டுண்டவனின் தாய்க்குப் பின்னால் நிற்பவர் யார்? ஹந்தானையிலிருந்து வந்த அம்மையாரின் பிள்ளை ஒரு கலகத்தில் இறந்திருந்தால், கூட்டத்தோடு கூட்டமாக அவருடைய பெயரும் ஒரு பட்டியலில் ஏறியிருக்கும். இதனை எழுதவே கை கூசுகின்றது. ஆயினும் உண்மை அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதனைச் சொல்பவர்கள் சாமானியர் அல்லர், இழந்தவர்களே சொல்கின்றார்கள். பிள்ளையின் இரத்தத்துக்கு விலையா என்கின்றார்கள். 2022ஆம் ஆண்டில் காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு ஓர் இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருந்த தாய்மார் வேண்டாமென்று மறுத்தார்கள். வறுமை அவர்களுக்குத் தெரியாததன்று. பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லாமல் பணத்தை நீட்டினால், அது கேள்வியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் கூலி என்று அவர்கள் கண்டார்கள். நான் அவர்கள் பக்கமே. உண்மை வராத இடத்தில் பணம் வந்தால் அது வாயை அடைக்கும் பணமாகவே தோன்றும்.

ஆனால் இதனையே காட்டி, உண்மை வெளிவரும்வரை பணமும் நிற்கட்டும் என்று அரசு சொல்லுமாயின் அஃது இன்னொரு கொடுமை. கொலை வழக்குகள் நம் நாட்டில் பத்தாண்டு, பதினைந்தாண்டு இழுபடுகின்றன. அதுவரை விதவை பிள்ளைகளைப் பட்டினி போட்டுக்கொண்டு காத்திருக்க முடியுமா? பணத்தை வழக்கோடு கட்டிவைக்கலாகாது. உண்மையிலிருந்து அதனைப் பிரித்துவிடவுங் கூடாது. முரண்பாடு போலத் தோன்றினும் இது முரண்பாடன்று. யார் செய்தான் என்பது நீதிமன்றம் காண வேண்டியது. அதற்குக் காலம் வேண்டும். என்ன நடந்தது என்பதோ மரண விசாரணையன்றே தெரிந்துவிடுகிறது. உன் மகன் வெட்டிக் கொல்லப்பட்டான், அவனைக் காக்கும் பொறுப்பு எங்களுடையது, அதில் தவறினோம், அதன் பொருட்டு இத்தொகையைக் கொடுக்கின்றோம், வழக்கு இதனால் முடிந்துவிடாது என்று நாலு வரி எழுதுவதற்கு எந்தத் தீர்ப்பின் பிரதியும் வேண்டியதில்லை.

தவறினோம் என்று ஒப்புக்கொண்டால் அரசின் கௌரவம் குறையும் என்பர். 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அவர்கள் படிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களை, முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாட் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபா கொடுக்க வேண்டுமென்று அத்தீர்ப்பு விதித்தது. பொலிஸ் மாஅதிபராயிருந்தவருக்கும், அரச புலனாய்வுச் சேவையின் தலைவராயிருந்தவருக்கும் ஏழரைக் கோடி வீதம். பாதுகாப்புச் செயலாளராயிருந்தவருக்கு ஐந்து கோடி. குண்டு வைத்தவர்கள் அவர்களல்லர். காவல் காக்கக் கடமைப்பட்டவர்கள், காக்கவில்லை. ஆகையால் ஈடு செய்க என்பதே தீர்ப்பின் சாரம். 1915இன் அரசு குற்றமற்ற அயலவனிடம் அறவிட்டது. 2023இன் நீதிமன்றம் பொறுப்புள்ள அதிகாரியிடம் அறவிட்டது. நூற்றெட்டு ஆண்டுகளில் இந்நாடு கண்ட வளர்ச்சி இதுவென்று நான் மகிழ்கின்றேன். இதே நெறி, பெரிய அநர்த்தங்களுக்கு மாத்திரமன்றி, ஹந்தானைப் பாதையில் வெட்டுண்ட ஒரு கடைச் சிப்பந்திக்கும் எட்ட வேண்டும்.

திறைசேரி வற்றியிருக்கின்றதே என்பது மற்றொரு மறுப்பு. 2022இல் கடன் கட்ட இயலாது கைவிரித்த நாடு என்பதை நானும் அறிவேன். தண்டனை பெறுபவரிடம் அறவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்நிதிக்குச் சேர்க்கும் எண்ணம் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, அதனை விரிவாக்கலாம். தொகை சிறிதாயினும் குற்றமில்லை. பொய் மனுக்கள் வருமே என்பாருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பொய் மனு வராத அலுவலகம் எதுவென்று அவர்களே சொல்லட்டும்.

நான் கேட்பவை பெரிய காரியங்களல்ல. மரண விசாரணை நடக்கும் நாளிலேயே, இறந்தவரின் உறவினர் கையில், அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு தாள் கொடுக்கப்பட வேண்டும்: உமக்கு இன்ன சட்டத்தின் கீழ் இன்ன உரிமை உண்டு, இன்ன இடத்தில் மனுச் செய்க என்று. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வைக்க வேண்டும். தோட்டத்துக் கந்தோர்களிலும் ஒட்ட வேண்டும். மனுவுக்கு வரும் மறுமொழி மனுவின் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சொல்லிய பின்னரும் இதனைக் கேட்டு எழுத வேண்டியிருப்பதே வெட்கத்துக்குரியது. இரண்டு வாசல்களையும் ஒன்றாக்க முடியாவிட்டால், ஒரு வாசலுக்குத் தவறி வந்தவரை மற்ற வாசலுக்கு அனுப்பிவைக்கும் அளவுக்காவது அவ்விரு அலுவலகங்களும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வழக்குரை காதையை நடத்தும் நாளில், பாடம் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் இச்சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அது என்றைக்காவது வேண்டியிருக்கும்.

அந்த அம்மையாருக்கு நான் மறுமொழி எழுதிக் கொடுத்தேன். தீர்ப்பின் பிரதி இல்லை, குற்றவாளிகள் பிடிபடவில்லை என்று எழுதி, மரண விசாரணை அறிக்கையின் பிரதியை இணைத்தேன். முதல் வரியை மாத்திரம் அவரே சொன்னார். தம் மகனின் முழுப் பெயரையும், அவன் வெட்டிக் கொல்லப்பட்ட திகதியையும், இடத்தையும் அந்த வரியில் எழுதச் சொல்லி, எழுதி முடிந்ததும் இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு கைநாட்டு வைத்தார்.